சல்லடையில் தங்காதது

என் வீட்டுக்காரருக்கு பஸ் என்றாலே ஆகாது. போடியிலிருந்து மதுரைக்கு அடுத்தடுத்து பஸ் இருந்தும், ஆடி அசைந்து போகிற ரயிலில்தான் போவார். ரயிலில் கக்கூஸ் இருந்தது, அவ்வளவுதான் விஷயம். அதை வெளியில் சொல்ல வெட்கப்பட்டு, ரயிலில் போனால் உடம்பு அலுப்பு தெரியாது என்று கடைத்தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். தேனி வருவதற்குள் ஒரு தடவை எழுந்திருப்பார். ஆண்டிபட்டிக் கணவாய் வரும்போது இன்னொரு தடவை. அவர் எழுந்ததும் அந்த இடத்தில் என் பையைத் தூக்கி வைத்துவிடுவேன்.

யாராவது வந்து நின்று, "இங்கன ஆள் வர்றாகளா?" என்று கேட்பார்கள்.

"வர்றாக," என்பேன்.

சிலர் நம்பாமல் முறைத்துக்கொண்டே நிற்பார்கள். நானும் முறைப்பேன். பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை பார்த்தவளுக்கு முறைப்பதற்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்? அவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு, ஒன்றும் நடக்காத முகத்தோடு வந்து உட்கார்ந்த பிறகுதான் எனக்கு மூச்சு வரும். அவர் தவறிப்போன பிறகும் அதே ரயிலில் போயிருக்கிறேன். பையை பக்கத்தில் வைத்திருப்பேன். கேட்டால் "வர்றாக" என்று வாய் முந்திக்கொண்டுவிடும். அப்புறம் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

அவரும் அவருடைய அண்ணனும் போடிக் கடைத்தெருவில் ஏலக்காய் வியாபாரம் செய்தார்கள். அண்ணனுக்கு மனைவி சீக்கிரமே தவறிவிட்டார். சாப்பாடு, தூக்கம் எல்லாம் எங்கள் வீட்டில்தான். எங்களுக்கும் பிள்ளை இல்லை. மூன்று பேர், ஒரு வீடு, ஒரு கடை. ஞாயிறு ஆராதனைக்கு மூவரும் ஒன்றாகக் கோயிலுக்குப் போவோம்.

கடைக்குப் பின்னால் சரக்கு வைக்கிற கிட்டங்கி. மலையிலிருந்து மூட்டையில் வந்த காயைக் கொட்டி, ஒன்றுக்குக் கீழே ஒன்றாகச் சல்லடைகளை வைத்துச் சலிப்பார்கள். மேல் சல்லடையில் தங்குவது பெருங்காய். மரியாதையெல்லாம் அதற்குத்தான். நடுவில் தங்கினால் பரவாயில்லை. அடியில் விழுவதை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். காலமெல்லாம் சலித்துச் சலித்து அண்ணன் தம்பி இருவருக்கும் உலகமே சல்லடையாகிவிட்டது. சந்தையில் தேங்காய் வாங்கினாலும், புதிதாக வந்த போதகர் பிரசங்கம் செய்தாலும், "தங்குமா, விழுமா?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வார்கள். என்னைப் பெண் பார்த்துவிட்டு வெளியே போனதும் அண்ணன், "ஏலே, தங்குமா?" என்று கேட்டாராம். "மேல் சல்லடைண்ணே" என்றாராம் இவர். கல்யாணமாகிப் பல மாதம் கழித்து இதை என்னிடமே சொன்னார். நான் என்ன ஏலக்காயா என்று அன்று முழுவதும் பேசாமல் இருந்தேன். உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது.

சீக்கு முதலில் அண்ணனுக்குத்தான் வந்தது. எண்பதுகளின் தொடக்கம். ஒரு கிறிஸ்துமஸ் காலத்தில் அவருக்குச் சிறுநீர் அடைத்துக்கொண்டது. அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றவரை டாக்டரிடம் கூட்டிப் போனார் இவர். ரப்பர் குழாய் போட்டு வெளியேற்றினார்கள். அதோடு, கையுறை மாட்டிக்கொண்டு பின்பக்கமாக விரலை விட்டும் பரிசோதித்திருக்கிறார் டாக்டர். இது நடக்கும் என்று அண்ணனுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை போலிருக்கிறது. வீட்டுக்கு வந்தவர் நாற்காலியில் உட்காரவே மாட்டேன் என்றார்.

"டாக்டர் என்ன சொன்னாக பெரியத்தான்?" என்று கேட்டேன்.

"சொன்னதை அவன்ட்ட கேளு ஆத்தா. பண்ணுனதை மட்டும் கேக்காத."

என் வீட்டுக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் அடுக்களைப் பக்கம் ஓடிவிட்டார். அப்புறம் அவர்தான் விவரம் சொன்னார். ஆண்களுக்கு மூத்திரப்பைக்குக் கீழே புராஸ்டேட் என்று ஒரு சுரப்பி இருக்கிறது. வயது ஏறினால் அது வீங்கி, வழியை நெருக்கும். அண்ணனுக்கு அது எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கியிருக்கிறது. ஆபரேஷன் செய்தால் நல்லது. புற்றுநோய் மாதிரித் தெரியவில்லை. இதுதான் டாக்டர் சொன்னது. அண்ணன் காதில் விழுந்தது இரண்டே வார்த்தைகள்: எலுமிச்சம்பழம், புற்றுநோய். அவ்வளவு பெரிதாக ஒன்று உள்ளே இருந்தால் அது புற்றுநோயாக இல்லாமல் வேறென்ன என்று முடிவு கட்டிவிட்டார். கத்தி பட்டால் பரவிவிடும் என்று யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டு ஆபரேஷனுக்கு மறுத்துவிட்டார். குழாயை எடுத்த பிறகு தானாகவே கொஞ்சம் வழி விட்டது. தன் கைக்கடிகாரத்தைக் கழற்றித் தம்பியிடம் கொடுத்துவிட்டு, சாவுக்குத் தயாராகக் கடையில் உட்கார்ந்தார்.

அடுத்த மழைக்காலத்தில் இவருக்கும் அதே தொல்லை. அதே டாக்டரிடம் தனியாகப் போனார். திரும்பி வரும்போது கையில் பெரிய மிக்சர் பொட்டலம், முகமெல்லாம் சிரிப்பு.

"என்னுது நெல்லிக்காய் அளவுதானாம். சின்னதாத்தான் இருக்குன்னு டாக்டரே சொல்லிட்டாக. அடிச் சல்லடையிலகூடத் தங்காது!"

அண்ணனுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. "நீயாவது நல்லாரு தம்பி. எனக்கு அது போதும்," என்றார். மூவரும் உட்கார்ந்து மிக்சர் தின்றோம். அந்த ஞாயிற்றுக்கிழமை முழங்காலில் நின்று நான் ஜெபம் செய்ததெல்லாம் நன்றி சொல்லத்தான்.

அதற்குப் பிறகு வீட்டில் எல்லாக் கவனிப்பும் அண்ணனுக்குத்தான். பார்லித் தண்ணீர் அவருக்கு. வாழைத்தண்டுக் கூட்டு அவருக்கு. வெயில் நேரத்தில் இளநீரும் அவருக்கே. இவருக்கு ஒரு டம்ளர் நீட்டினால், "போறவருக்குக் குடு புள்ள" என்று கிசுகிசுப்பார். முன்பெல்லாம் மலைக்கு இருவரும் மாறி மாறிப் போவார்கள். "அண்ணே, நீ கடையில உக்காரு, மலையை நான் பாத்துக்கிறேன்" என்று அதையும் இவரே எடுத்துக்கொண்டார். போடிமெட்டு தாண்டி, தோட்டம் தோட்டமாக ஜீப்பில் போய்க் காய் பார்த்து, மூட்டை ஏற்றி வருவார். அண்ணனுக்கு உடம்பில் சதை போட்டது. இவர் சட்டை தொளதொளவென்று ஆனது. அலைச்சல் என்று நினைத்தோம்.

பள்ளிக்கூட லீவு நாட்களில் நானும் ஜீப்பில் தொற்றிக்கொள்வேன். ஏறும்போது ஒரு வளைவில் வண்டியை நிறுத்தச் சொல்வார். டிரைவருக்கு அது பழகிப்போயிருந்தது. அங்கே வந்ததும் அவரே நிறுத்திவிடுவார். இவர் இறங்கி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பாறையோரம் நிற்பார். நிற்பார், நிற்பார், நின்றுகொண்டே இருப்பார். கீழே தென்னந்தோப்புகளும் வயலும் வெயிலில் கிடக்கும்.

"மலையே நனைஞ்சிருக்கும், வாங்க!" என்று கத்துவேன்.

"பொறு புள்ள. சொட்டுச் சொட்டாத்தான வருது," என்பார் திரும்பாமல்.

ஜீப்பில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சில நாள் உண்மையாகவே எரிச்சல் வரும்; இந்த மனிதரோடு ஒரு இடத்துக்கு நேரத்தில் போய்ச் சேர முடியுமா என்று. இன்றைக்கு எனக்கு ஒரே ஒரு வரம் தருகிறேன் என்று யாராவது வந்து நின்றால், நான் வேறெதுவும் கேட்கமாட்டேன். அந்த வளைவில், அந்த ஜீப்பில் உட்கார்ந்து, அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு, எப்போதடா வருவார் என்று இன்னொரு தடவை அலுத்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

மூன்று நான்கு வருஷம் இப்படியே ஓடியது. அப்புறம் முதுகுவலி என்று ஆரம்பித்தார். ஜீப்பில் குலுங்கியதால்தான் என்று தைலம் தேய்த்துவிட்டேன். பிறகு இடுப்பு. மூட்டை தூக்குகிறவர்களுக்குக் கைகொடுத்திருப்பார் என்று அதற்கும் தைலம். ஒரு நாள் காலை, கடை வாசலில் ஜீப்பில் ஏறக் காலைத் தூக்கியவர் அப்படியே நின்றுவிட்டார். கால் மேலே வரவில்லை. தேனிக்குக் கூட்டிப்போய் எக்ஸ்ரே எடுத்தோம். எலும்பில் அங்கங்கே திட்டுத் தெரிகிறது, தாமதிக்காமல் மெட்ராசுக்குப் போங்கள் என்றார்கள்.

மூவரும் கிளம்பினோம். 'சாகப்போகிற' அண்ணன்தான் எங்கள் பெட்டியைச் சுமந்துகொண்டு வந்தார். மதுரையில் ரயில் மாறி ஏறி உட்கார்ந்ததும், என் வீட்டுக்காரர் வெளியே பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்.

"அன்னைக்கு அந்த டாக்டரு இன்னொண்ணும் சொன்னாக. சின்னதாத்தான் இருக்கு, ஆனா ஒரு பக்கம் கல்லு மாதிரி நெருடுது, மதுரையில போயி ஊசி போட்டுச் சதை எடுத்துப் பாத்துருங்கன்னாக."

"அதை ஏன் எங்கட்ட சொல்லல?"

"சின்னதுன்னு சொன்னதுக்கப்புறம் என்ன இருக்கு? பெருசா இருக்க அண்ணனே சும்மா இருக்காக. அடியில விழுந்ததை யாராவது பொறுக்கிப் பாப்பாகளா?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. ரயிலென்றும் பார்க்காமல் அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. காயை நகத்தால் பிளந்து, உள்ளே விதை கறுப்பா வெளுப்பா என்று பார்த்துத்தானே விலை பேசுவார்? மலையில் அடுத்தவன் காயென்றால் மூட்டைக்கு மூட்டை பிளந்து பார்க்கிற மனிதர், தன் உடம்பென்றதும் சலித்ததோடு நிறுத்திவிட்டார். திண்டுக்கல் வரும்வரை அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அதற்கு மேல் அவரால் அடக்க முடியவில்லை. எழுந்து, கம்பிகளைப் பிடித்துப் பிடித்துக் கக்கூஸ் பக்கம் போனார். நான் என் பையை எடுத்து அவர் இடத்தில் வைத்தேன்.

மெட்ராசில் ஊசி வைத்துச் சதையை எடுத்துப் பார்த்தார்கள். புற்றுநோய்தான். அந்த ஆஸ்பத்திரிக்கு அப்போதுதான் ஒரு புது மெஷின் வந்திருந்தது. எம்.ஆர்.ஐ. என்றார்கள். கத்தியும் வேண்டாம், எக்ஸ்ரே கதிரும் இல்லை. பெரிய காந்தம் ஒன்றை வைத்தே உடம்புக்குள் இருப்பதைப் படமாக எடுத்துவிடும் என்றார் டாக்டர். நிதானமான மனிதர். அண்ணனின் கதையையும் பொறுமையாகக் கேட்டார். கேட்டதும் அவர் கண் பளிச்சென்றது.

"உங்க ரெண்டு பேரையும் படம் எடுக்கட்டுமா? சுரப்பி பெரிசா இருக்கிறதுக்கும் அதுல புற்றுநோய் வர்றதுக்கும் சம்பந்தம் இருக்கா இல்லையான்னு இந்த மெஷினை வச்சுப் பாத்துட்டு வர்றோம். அண்ணன் தம்பி ரெண்டு பேர் படமும் பக்கத்துல பக்கத்துல கிடைச்சா படிக்கிற பிள்ளைகளுக்கும் உதவும்."

அண்ணனுக்கும் ஊசி வைத்துப் பார்த்துவிடலாம் என்றார். அண்ணன் தலையாட்டினார். தம்பி போகிற இடத்துக்கெல்லாம் தானும் போக வேண்டும் என்பது மட்டும்தான் அப்போது அவருக்கு.

மெஷின் இருந்த அறைக்குள் இரும்பு எதுவும் போகக்கூடாது. கைக்கடிகாரம், அரைஞாண், சாவிக்கொத்து எல்லாவற்றையும் கழற்றி என் மடியில் போட்டார்கள். அசையாமல் படுத்திருக்க வேண்டும் என்று சொன்னதும் இருவர் முகமும் சுருங்கிவிட்டது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். எழுந்து ஓடாமல் அவ்வளவு நேரம் இருக்கக்கூடியவர்களா இவர்கள்? அண்ணன் பாதியில் கையை ஆட்டி எழுந்து ஓடி, முதலிலிருந்து திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று. என் வீட்டுக்காரர் அசையாமல் கிடந்தார். வெளியே வந்து, "உள்ளுக்குள்ள தகரக் கொட்டகையில கல்லெறியிற மாதிரி ஒரே சத்தம். ஒண்ணுக்குப் போற நெனப்பே வரல" என்றார்.

எல்லா முடிவும் வந்த பிறகு டாக்டர் எங்களை உள்ளே கூப்பிட்டார். சுவரில் வெள்ளை வெளிச்சப் பெட்டி. அதில் இரண்டு படங்களை மாட்டினார். அண்ணனுடையது உண்மையாகவே எலுமிச்சம்பழம் மாதிரி உருண்டு, மூத்திரப்பையை மேலே தள்ளிக்கொண்டு இருந்தது. என் வீட்டுக்காரருடையது சிறியது. டாக்டர் பென்சிலால் காட்டியிராவிட்டால் எனக்குத் தெரிந்தேயிருக்காது.

"இது பெரிசு. ஆனா வெறும் வீக்கம்தான். ஊசி வச்சுப் பாத்ததுலயும் புற்றுநோய் இல்ல. இது சின்னது. ஓரத்துல இந்தக் கறுப்பு தெரியுதா? அதுதான்."

அண்ணன் படங்களுக்குக் கிட்டே போய், ஒன்றை மாற்றி ஒன்றாகப் பார்த்தார்.

"பெருசுல ஒண்ணுமே இல்லீங்களா?"

"இல்லீங்க."

"மாத்தி மாட்டிட்டீகளோ என்னமோ? நல்லாப் பாருங்க டாக்டரய்யா. இது என்னுதா இருக்கும்."

மாற்றவில்லை என்று டாக்டர் சொன்னதும் அண்ணன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "மலையெல்லாம் அவன்தான ஏறுனான். என்னை உக்கார வச்சுட்டு அவன்தான ஏறுனான்," என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். அழுதுவிடுவார் போலிருந்தது. என் வீட்டுக்காரருக்கு அது பொறுக்கவில்லை. டாக்டரைப் பார்த்துச் சிரித்தார்.

"ஏலக்காயில கறுப்பு இருந்தாத்தான் டாக்டர் நல்லது. வெளுப்பா இருந்தா வாங்க மாட்டோம்."

டாக்டர் சிரிக்கவில்லை. அண்ணன்தான் சிரித்தார்; சிரித்துக்கொண்டே துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். படங்கள் ஆஸ்பத்திரியிலேயே இருக்கட்டுமா என்று டாக்டர் கேட்டபோது, "பிள்ளைக படிக்கட்டும், வச்சுக்கங்க" என்று என் வீட்டுக்காரர் உடனே சொல்லிவிட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

விதைப்பையிலிருந்து விதைகளை எடுத்துவிட்டால் நோய் கொஞ்ச காலம் அடங்கும் என்றார்கள். எடுத்தார்கள். வலி குறைந்தது, எழுந்து நடந்தார். ஒரு முழு மழைக்காலம் எனக்குக் கிடைத்தது. பார்லித் தண்ணீரை இப்போது அண்ணன் காய்ச்சினார். தம்பி குடிக்கும்வரை டம்ளரைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்பார். மறு கோடையில் என் வீட்டுக்காரர் போய்விட்டார். அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை.

அண்ணன் கடையை நடத்தினார். சலிக்கும்போது யாரையும் "தங்குமா?" என்று கேட்பதில்லை. எங்கள் கோயிலில் அண்ணன் தம்பி இருவரும் கடைசிப் பெஞ்சின் ஓரத்தில்தான் உட்காருவார்கள், எழுந்து போக வசதியாக. இப்போது அங்கே ஒருவர்தான். பிரசங்கத்தின் நடுவே அந்தப் பெஞ்ச் கிரீச்சிடும். அண்ணன் என்று தெரியும். தெரிந்தும் பெண்கள் பக்கத்திலிருந்து நான் திரும்பிப் பார்த்துவிடுவேன். அவர்மேல் எனக்குக் கோபமும் வரும். எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டு இந்த மனிதர் நன்றாக இருக்கிறாரே என்று. வந்த வேகத்தில் போய்விடும். அவர் என்ன செய்வார் பாவம்.

எண்பதுகள் முடிகிற சமயத்தில் அவருக்கு மறுபடியும் அடைத்துக்கொண்டது. இந்தத் தடவை நான் விடவில்லை. சண்டை போட்டு மெட்ராசுக்கு இழுத்துக்கொண்டு போனேன். அதே ஆஸ்பத்திரி. ஆபரேஷனுக்கு அவரை உள்ளே கொண்டுபோன பிறகு, மாடியேறிப் போய் அந்த டாக்டரைத் தேடிப் பிடித்தேன். அவருக்கு என்னை நினைவிருந்தது.

"எங்க வீட்டுக்காரரு படம் இருக்கா டாக்டர்? ஒரு தடவை பாக்கணும்."

அவர் மேசை மேலிருந்த உறையை எடுத்தார். "இப்பதான் வகுப்புல காட்டப் போறேன். வாங்கம்மா, பின்னால உக்காருங்க," என்றார்.

வெள்ளைக் கோட்டுப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வெளிச்சப் பெட்டியில் அண்ணனும் தம்பியும் பக்கத்தில் பக்கத்தில். "இந்த ரெண்டுல எதுல புற்றுநோய்?" என்று டாக்டர் கேட்டார். ஒருவர் பாக்கியில்லாமல் எல்லாரும் பெரியதைக் காட்டினார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. பார்த்தீர்களா, படித்த பிள்ளைகளும் நம்மைப் போலத்தான் என்று பக்கத்தில் திரும்பிச் சொல்லப் போனேன். பக்கத்து நாற்காலியில் என் பைதான் இருந்தது.

டாக்டர் பென்சிலால் சின்னதைத் தொட்டு, ஓரத்துக் கறுப்பைக் காட்டினார். முன்வரிசையில் ஒரு பெண், "இவ்வளவு சின்னதுலயா சார்?" என்றாள். அளவை வைத்து எதையும் முடிவு பண்ணாதீங்க என்று அவர் ரொம்ப நேரம் விளக்கினார். பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். யாருடைய படம் என்று ஒருவரும் கேட்கவில்லை.

எல்லாரும் போன பிறகு படங்களை எடுத்து உறைக்குள் போட்டார். வெளிச்சத்திலிருந்து எடுத்ததும் அவை வெறும் கறுப்புத் தாளாகிவிட்டன. அண்ணனுக்கு ஆபரேஷன் முடிந்திருக்கும், நான் கீழே போயிருக்க வேண்டும். எழுந்திருக்க மனம் வரவில்லை.

"அவுகளுதை மட்டும் இன்னொரு தடவை வைங்க டாக்டர்," என்றேன்.

அவர் படத்தை எடுத்து மாட்டிவிட்டு, வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் கிட்டே போய் நின்று பார்த்தேன். சின்னதாகத்தான் இருந்தது.